புகையில்லாத நெருப்பும் ஒரு சோப்பு டப்பாவும்

"அப்போ உனக்கு இன்னாதான் வந்துச்சி?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். கரி நெருப்பு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இவள் எதையோ மறைக்கிறாள் என்ற முகத்தோடு திரும்பிக்கொள்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்தானே, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மழை நாளில் ஒரு வீட்டிலாவது கதவைத் திறந்து வைத்தால் எனக்கு அது போதும்.

என் பெயர் கஸ்தூரி. பிறந்தது முள்ளிப்பட்டு, வாழ்க்கைப்பட்டது ஆரணி. இரண்டு இடத்திலும் தறிதான். என் வீட்டுக்காரர் எத்திராஜ் பட்டுப்புடவை நெய்கிறவர். அகலக் கரை வைத்த புடவைக்கு ஒரு ஆள் போதாது. நடு உடலுக்கு ஒருவர் நாடாவை, அதாவது குறுக்கு இழை சுற்றிய கட்டையை, எறிந்தால், கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எறிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான். மாமியார் பச்சையம்மா வாசல் பக்கத்து அறையில் ராட்டையை வைத்துக்கொண்டு நூல் சுற்றுவார். மொத்தம் மூன்றே பேர். நான்காவதாக ஒருவன் வந்திருக்க வேண்டும். நான் எழுதப்போகும் மழைக்காலத்துக்கு முந்தின கார்த்திகையில், எட்டாம் மாதத்தில், வயிற்றிலேயே அசைவு நின்று உயிரில்லாமல் பிறந்தான். ஒரு தடவை காட்டினார்கள். அவன் அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன், அது ஆறாம் மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே பயம். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியார் மட்டும் தினம் காலையில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்.

மழைக்காலம் பட்டுக்கு ஆகாது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழை, ஈரக்காற்றில் தளர்ந்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அறுந்துகொண்டே இருக்கும். சரிகை மங்கும். அதனால் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் தறி அறையை அடைத்துவிடுவோம். ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் கோணி திணித்து, பாவுக்குப் பக்கத்தில் கும்முட்டி அடுப்பில் கரி நெருப்பு வைப்போம். விறகு கூடாது, அதன் புகை பட்டைக் கெடுத்துவிடும். கரியைக்கூட வாசலில் வைத்து விசிறி, புகையெல்லாம் அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் உள்ளே தூக்கிப்போக வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. "என் மருமவ வச்ச நெருப்புல ஒரு பொட்டு புகை இருக்காது" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லுவார். அவர் என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொன்ன ஒரே விஷயம் அது என்பதால் எனக்கும் தலைகால் புரியாத பெருமை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையில்லாத நெருப்பு என்ன செய்யும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் தலைவலிதான். நெற்றிப் பொட்டில் தொடங்கி மத்தியானத்துக்குள் பின்மண்டை வரை போகும். பிறகு குமட்டல். முழுகாமல் இருப்பவளுக்குக் குமட்டல் வந்தால் யார் என்ன நினைப்பார்கள்? தைலம் தேய்த்துக்கொண்டேன். பிறகு முழங்கால் இரண்டும் துணிபோல் ஆகத் தொடங்கின. எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கரைக்கு எந்த நாடாவை எறிந்தேன் என்பது மறந்துபோகும். ஒரு நாள் சிவப்புக்குப் பதில் பச்சையை எறிந்துகொண்டே போய், அரை முழம் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"இன்னாடி இது, மூஞ்சி மட்டும் செவசெவன்னு கீது, நிக்க முடியலன்ற?" என்றார் மாமியார்.

அவருக்கும் தலைவலி உண்டு, என் வீட்டுக்காரருக்கு. ஆனால் பட்டுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது என்பதால் மணிக்கொரு தரம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தப் பீடிதான் அவரைக் காப்பாற்றியது என்று பின்னால் டாக்டர் சொன்னார். பீடியை விடச் சொல்லி நான் போட்ட சண்டையெல்லாம் அன்றோடு செல்லாக்காசாகிவிட்டது.

தீபாவளி அமாவாசை வந்தது. அன்று தலைவலி இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அதிரசம் சுட்டேன், நாலு அதிரசம் தின்றேன். மறுநாள் மழை, தறி, மறுபடி மண்டையிடி. மூன்றாம் நாள் தறியிலிருந்து எழுந்தவள் கதவருகில் சுருண்டு விழுந்தேன்.

பஜாரில் இருந்த டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் இல்லை என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு மறுபடி போய் அதே தறியில் உட்கார்ந்தேன். மருந்தைக் குடித்துவிட்டு விஷத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், காலையிலிருந்து குழந்தை அசையவில்லை என்பது உறைத்தது. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெல்லத்தண்ணீர் குடித்தேன். இடது பக்கம் படுத்தேன். போன தடவையும் இப்படித்தான் வெல்லத்தண்ணீர் குடித்து, இடது பக்கம் படுத்து, காத்திருந்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "எத்திராஜு, கௌம்புடா, ஜல்தி" என்றார். வேலூர் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்போது உள்ளே லேசாக ஒரு உதை. நான் அழுத அழுகையில் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தப் பார்த்தார்.

வேலூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டு வரிசை காலையிலேயே தெருவரை நிற்கும். சீட்டு வாங்கினால் ஒரு பெஞ்சு, பெஞ்சு முடிந்தால் இன்னொரு பெஞ்சு. எனக்கு வாய்த்த டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். வயிற்றின்மேல் மரத்தால் செய்த புனல் மாதிரி ஒன்றை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு அதில் கேட்குமாம். அவர் கேட்டு முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றார்.

பிறகு சோதனைகள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். கை கால்களில் கவ்விகளை மாட்டி, இருதயம் ஓடும் விதத்தைக் கோடுகளாகக் காகிதத்தில் எடுத்தார்கள், அதற்கு ஈ.சி.ஜி. என்று பெயர். எல்லாம் சரியாக இருந்தது. வார்டில் நான்கு நாள் படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாளே தலைவலி போய்விட்டது. குழந்தை உள்ளே புரண்டு புரண்டு விளையாடியது. பக்கத்துக் கட்டில் அம்மாள், "ஒனக்கு இன்னா நோவுன்னு படுத்துகினு கீற?" என்று கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மறுநாளே தறியில் உட்கார்ந்தேன், தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை பாதியில் நின்றது. அன்று சாயங்காலமே வாந்தி. அடுத்த நாள் மயக்கம்.

அதன்பிறகு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறேன், வீட்டில் விழுகிறேன் என்றால் எனக்குப் பைத்தியமா? வேலைக்குப் பயந்து நடிக்கிறேனா? மாமியாரின் தங்கை வந்து, "தறியில உக்காரச் சொன்னாதான் இதுக்கு நோவு வருது" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. போன பிள்ளையை என் புத்திதான் கொன்றதோ, இதையும் கொல்லுமோ என்று நான் நடுங்கினேன். என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். முள்ளிப்பட்டிலும் அதே மழை, அதே தறி, அதே கும்முட்டி. போகாமல் போனது என் நல்ல காலம்.

கார்த்திகை அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி வேலூர். டாக்டரம்மா பழைய காகிதங்களையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதத் தொடங்கினார். பேனாவைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இது ஒடம்பு நோவு இல்லீங்க. அம்மாவாச அன்னிக்கு மட்டும் இவள வுட்டுடுது. ரெண்டு அம்மாவாசயா பாத்துகினு கீறேன். மறுநாளு புடிச்சிக்குது. படவேட்டம்மனுக்குக் காசு முடிஞ்சி வச்சிக்கிறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "அமாவாசை அன்னைக்கு வீட்ல என்ன வித்தியாசமா செய்வீங்க?"

"இன்னா செய்வோம், தலைக்கு ஊத்திகினு சாமி கும்புடுவோம். தறி ஓடாது. அம்மாவாசயில நாங்க தறியில உக்கார மாட்டோங்க."

"தறி ஓடலைன்னா, அந்த ரூம்ல என்ன இருக்காது?"

பதில் சொன்னது நான்தான். "கும்முட்டி வைக்க மாட்டோங்க."

"ரூம் கதவு?"

"தறி ஓடறப்போ அடச்சிடுவோங்க. ஈரக்காத்து வரக்கூடாதுன்னு."

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அன்று சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் போகிறது. இந்த வாயு, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் மாதிரி, ஆக்சிஜனுடைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எழுந்திருக்கவும் எழுந்திருக்காது. ஆக்சிஜன் நின்றுகொண்டே இருக்கும், உடம்புக்கு மூச்சு முட்டும். முகம் மட்டும் சிவப்பாக, ஆரோக்கியமாகத் தெரியலாம்.

"குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"உங்க ரத்தத்துல இருந்துதான் அதுக்குப் போகுது. உங்களுக்கு இறங்கினாலும் அதுக்கு லேசுல இறங்காது."

இருந்தாலும் என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "புகையே இல்லீங்களே. கண்ணு கூட கலங்கறதில்ல. எங்கப்பா, தாத்தா காலத்துல இருந்து வச்சிகினுதான் கீறோம்" என்றார். ரத்தத்தில் கண்டுபிடிக்கலாமே என்றும் கேட்டார்.

"கண்டுபிடிக்கலாம். ஆனா நீங்க ஆரணியில பஸ் ஏறி, இங்க சீட்டு வாங்கி, நான் கூப்பிடறதுக்குள்ள அது மூச்சு வழியா பாதிக்கு மேல வெளிய போயிடுது. அதனாலதான் இவங்க ரத்தம் இங்க எப்பவும் நல்லா இருக்கு. டெஸ்ட் இவங்களுக்குப் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வீட்டுக்குப் பண்ணணும்."

அப்படித்தான் ஞானசேகரன் எங்களுக்கு அறிமுகமானார். ஆஸ்பத்திரியில் பழுதான கருவிகளைச் சரிசெய்யும் அறையில் வேலை. ஊர் தெள்ளார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். சோப்பு போடுகிற டப்பாவேதான், மூடியில் ஓட்டை போட்டு ஒரு சின்ன சிவப்பு விளக்கு வைத்திருந்தார். உள்ளே மிளகளவில் பாசிமணி மாதிரி ஒன்று, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். வெள்ளீயத்திலிருந்து எடுத்த ஒரு பொடியால் செய்தது. அது சூடாக இருக்கும்போது இந்த வாயு பட்டால் அதில் மின்சாரம் அதிகமாகப் பாயும், உடனே விளக்கு எரிந்து டப்பா கத்தும்.

"சூடு பண்ணிகினே இருந்தா செல்லு ஒரே நாள்ல காலிங்க" என்றார். "அதான் நான் அத தூங்க வச்சிருக்கிறேன். கொஞ்ச நேரம் முழிச்சி மோந்து பாக்கும், அப்புறம் தூங்கும், மறுபடி முழிக்கும். மழையில உங்க ஊர்ல கரண்டு இருக்காதுன்னு தெரியும். டார்ச் லைட் செல்லுலயே மூணு நாலு நாள் ஓடும்."

ஒரு வருஷமாக அதைச் செய்து கொண்டிருந்தாராம். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்க யாரும் இடம் கொடுக்கவில்லையாம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் தெருவே திரண்டுவிட்டது. தறி அறையில் கும்முட்டி வைத்து, கதவை அடைத்து, டப்பாவை மாடத்தில் வைத்தார். என்னை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் டப்பாவைப் பார்க்காமல் எங்கள் தெருக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? ஒருவர் மாற்றி ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். திறந்து திறந்து மூடிய கதவு வழியாக அந்த வாயுவெல்லாம் வெளியே போய், டப்பா வாயே திறக்கவில்லை. "நான் சொன்னேன் இல்ல?" என்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில், அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

ஞானசேகரன் டப்பாவை விட்டுவிட்டுப் போனார். "கத்திச்சின்னா கதவத் தொறந்துட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க" என்றார். நான் தறி அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. இரண்டு நாள் மழை இல்லை, கதவு திறந்தே கிடந்தது, டப்பாவும் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் மழை கொட்டியது. என் வீட்டுக்காரர் நெருப்பு வைத்து, கதவை அடைத்துக்கொண்டு, தனியாளாக நடுவுக்கும் கரைக்குமாக மாறி மாறி நாடா எறிந்துகொண்டிருந்தார். மாமியார் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். நான் முன்னறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டப்பா கத்தத் தொடங்கியது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். கதவு திறந்தது, கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. மறுபடி கத்தியது, முன்னைவிட வேகமாகக் கத்தியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

அந்த அமைதியைத்தான் நான் நம்பினேன். காற்று நல்லதாகிவிட்டது, அதனால்தான் கத்தவில்லை என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் போனது, டப்பா வாயைத் திறக்கவில்லை. உள்ளே இழை அறுந்து அறுந்து அவர் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா பயந்தது அந்த வாயுவுக்குத்தானே, டப்பாவே சும்மா இருக்கிறதே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். கொஞ்ச நேரம் கரை போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம் என்று உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ எதுக்கு வந்த?" என்றார். குரல் குழறியது. அதைக் கவனித்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நெய்தேன் என்று தெரியாது. நாடா கையிலிருந்து நழுவியது தெரியும். எழுந்திருக்கப் பார்த்தேன், கால்கள் என்னுடையவையாக இல்லை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பயம் மட்டும் தெளிவாக இருந்தது. நான் சாகிறேன், வயிற்றில் அதுவும் சாகிறது, பக்கத்தில் இவர் தலை தறிக்கட்டையில் சாய்ந்து கிடக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

மண்ணெண்ணெய் டின்னோடு வந்த மாமியார் கோணி திணித்திருந்த கதவை உதைத்துத் திறந்து, என் இரண்டு கையையும் பிடித்து வாசல் மழையில் இழுத்துப் போட்டார். பிறகு மகனை இழுத்தார். அறுபது வயதில் அந்த உடம்புக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. எனக்குக் கண் திறந்தபோது முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே ஒரு அசைவும் இல்லை.

வாடகைக் காரில் வேலூர் போகும்வரை நான் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. வழியெல்லாம் ஒன்றும் அசையவில்லை. "அசையுதாடி?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூக்கையும் வாயையும் சேர்த்து ரப்பர் முகமூடி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். ரப்பர் வாசனையும் உருளையிலிருந்து காற்று சீறும் சத்தமும்தான். ஒரு நர்ஸ் மரப்புனலை வைத்துக் கேட்டாள், இடத்தை மாற்றினாள், மறுபடி கேட்டாள், யாரையோ கூப்பிடப் போனாள். இன்னொரு நர்ஸ் வந்தாள். பிறகு டாக்டரம்மா வந்தார். குனிந்து காதை வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் நாடியோடு சேர்த்துக் கேட்டார். அவர் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படவேட்டம்மன், ஏழுமலையான், என் அம்மாவின் குலதெய்வம் என்று ஒருவரையும் விடவில்லை.

"கேக்குது" என்றார் கடைசியில். "மெதுவா இருக்கு. ஆனா கேக்குது."

எனக்குத் தலை தெளிந்த பிறகும் முகமூடியை எடுக்கவில்லை. "இது உங்களுக்கு இல்லம்மா, உள்ள இருக்கறவங்களுக்கு" என்றார். அன்றைக்கு முழுவதும், மறுநாளும், விட்டு விட்டு அந்தக் காற்றுதான். மாமியார் கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்தார். முகமூடியின் பட்டை மாட்டி முடி சிக்காகிவிட்டது என்று விரலாலேயே சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் என் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாம் நாள் விடியும்போது உள்ளே ஒரு புரளல். நான் மாமியாரின் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். பேச முடியவில்லை, முகமூடி.

அன்று மத்தியானம், ஆண்கள் வார்டில் கிடந்து தேறிய என் வீட்டுக்காரர் கட்டிலருகில் வந்து நின்றார். ஞானசேகரனும் உடன் இருந்தார், டப்பா ஏன் கத்தவில்லை என்று புரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"கத்துச்சிங்க" என்றார் என் வீட்டுக்காரர். "செல்ல எடுத்தது நான்தான். மழ ஈரம் உள்ள பூந்துதான் கத்துதுன்னு நெனச்சேன். பாவு ஈரமானா நெருப்பு பக்கத்துல காய வைப்போம் இல்ல, அத மாதிரி டப்பாவத் தூக்கி கும்முட்டி பக்கத்துல வச்சேன். இன்னும் ஜாஸ்தியா கத்துச்சி. பேஜாரா பூட்ச்சி. செல்லக் கழட்டிட்டேன்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மழையில் எது கெட்டாலும் காரணம் ஈரம்தான், மருந்து நெருப்புதான். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஞானசேகரன், "தப்பு என்னுதுங்க" என்றார். "எதுக்குக் கத்தும்னு சொன்னேன். எதுக்கெல்லாம் கத்தாதுன்னு சொல்லல."

துணிமணி எடுத்துவர ஆரணிக்குப் போன மாமியார் மறுநாள் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. டப்பாவில் செல்லைத் தானே போட்டு, புகையில்லாமல் நெருப்பு வைத்து, அறையை அடைத்துவிட்டு வெளியே கதவில் காதை வைத்து நின்றிருக்கிறார்.

"கத்துதுடி" என்றார். "நெருப்பு அவ்ளோ அழகா கீது. ஒரு பொட்டு புகை இல்ல. அது பாட்டுக்குக் கத்திகினே கீது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வார்டைவிட்டுப் போகும் முன் டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். போன கார்த்திகையில் என் பையன் இறந்ததற்கும் இதுதான் காரணமா? அப்போதும் மழை, அப்போதும் தறி, நெருப்பு வைத்தது அப்போதும் நான்.

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கலாம்" என்றார். "தெரிஞ்சி செய்யலையே நீங்க."

அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வேன்? செல்லைக் கழற்றினேன் என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மழைக்காலம் முடியும்வரை படவேட்டில் மாமியாரின் அண்ணன் வீட்டில் இருந்தேன். தறி இல்லாத வீடு, விவசாயம். மாசியில் வேலூரில் பெண் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் பிறந்த உடனே அழுதாள். தேன்மொழி என்று பெயர் வைத்தோம். டாக்டரம்மா சந்தோஷப்பட்டார், கூடவே ஒன்று சொன்னார். வயிற்றில் இருக்கும்போது ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்கு மூளையில் ஏதாவது பாதிப்பு இருந்தால் உடனே தெரியாது. தலை நிற்க வேண்டும், உட்கார வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும், பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றார்.

அதன்பிறகு ஒரு வருஷம் நான் குழந்தை வளர்க்கவில்லை, காவல் காத்தேன். தலை நின்றதா என்று ஒரு நாளில் பத்துத் தடவை தூக்கிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. இவள் எல்லாவற்றையும் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்தாள். என் வீட்டுக்காரர் தறி அறையில் ஓட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சுவரை உடைத்துக் காற்றுவழி வைத்தார். கும்முட்டியை உள்ளே கொண்டுபோவதை விட்டோம். அடைமழை என்றால் தறி சும்மா இருக்கும். வேலை கொடுக்கும் முதலாளி முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு வயது முடிந்தும் தேன்மொழி நடக்கவில்லை. மாசி போய்ப் பங்குனியும் பாதி போய்விட்டது. ஒரு நாள் காலை மாமியார் மடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவள், கையை விட்டாள். எதிரே அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்து, அவர் முழங்காலில் போய் விழுந்தாள். மாமியார் குலவையிட்டார். இவர் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பின்னால் போனேன். கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"ஏங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மொதப் புள்ளயப் பத்தி..."

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரியில அப்பவே டாக்டரம்மாவத் தனியாப் போயி கேட்டேன். இருக்கலாம்னாங்க. ஒன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டேன். நெருப்பு வச்சது நீதான்னு நெனச்சி நெனச்சி செத்துப்புடுவ."

எனக்குச் சொன்னதை டாக்டரம்மா அவரிடம் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. ஒன்றேகால் வருஷம் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் பொத்தி வைத்திருந்திருக்கிறோம்.

"நெருப்பு நான்தானே வச்சேன்" என்றேன்.

"கதவ அடச்சது நானு" என்றார்.

அந்தப் பையனுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.